விதைக்கூடைக்குச் சொந்தக்காரிகள்: ஜஹீராபாத் பெண்கள் சங்கங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

1983 ஜனவரியில் என்.டி. ராமராவ் ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சர் ஆனார். கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தருவேன் என்று மேடை மேடையாகச் சொல்லியிருந்தார். அந்த ஆண்டே தந்தும் காட்டினார். ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதை யாரும் குறைசொல்ல முடியாது. அதே 1983இல்தான், ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஜஹீராபாத் வட்டாரத்தில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற சிறிய அமைப்பு வேலையைத் தொடங்கியது. இரண்டுக்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த அமைப்பு செய்த வேலையில் பெரும்பகுதி, மலிவு அரிசி வந்த பிறகு மானாவாரி நிலத்துக்கு நேர்ந்ததைச் சரிசெய்வதாகவே ஆகிவிட்டது.

கிராமப்புறப் பெண்கள் முன்னேற்றம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுய உதவிக் குழு, சேமிப்புப் புத்தகம், வங்கிக் கடன், தையல் இயந்திரம், ஊறுகாய். அந்த அமைப்பின் கீழ் ஊர் ஊராக உருவான ஜஹீராபாத் பெண்கள் சங்கங்களிலும் சேமிப்பு உண்டு, கடன் உண்டு. ஆனால் அந்தப் பெண்களின் நிலை மாறியதற்குக் காரணம் அது இல்லை என்பது என் கணிப்பு. அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது தானியம். அதோடு சேர்ந்து வந்தவை மூன்று அதிகாரங்கள்: எதை விதைப்பது, எந்த விதையை அடுத்த ஆண்டுக்கு வைப்பது, ஊரில் யார் ஏழை என்று சொல்வது. இந்த மூன்றும் எப்படி வந்தன, எவ்வளவு தூரம் நின்றன என்று பார்ப்போம்.

ரேஷன் அரிசியோடு வைக்கோல் வருவதில்லை

இடம், பழைய மேதக் மாவட்டத்தின் மேற்குப் பகுதி. 2014இல் தெலங்கானா பிரிந்தது. 2016இல் மாவட்டங்களும் உடைக்கப்பட்டு, இப்போது சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கிறது. மண் பெரும்பாலும் செம்பொறை கலந்த செம்மண். பல மேட்டு நிலங்களில் சில அங்குலம் தோண்டினாலே பாறை தட்டும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கரும்பு, இஞ்சி, உருளைக்கிழங்கு என்று போய்விட்டார்கள். இல்லாதவர்களுக்கு மழைதான்.

சங்கங்களில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலானோர் தலித்துகள். கூலிக்குப் போகிறவர்கள். பலருடைய குடும்பங்களுக்கு அரசு ஒன்றிரண்டு ஏக்கர் ஒப்படைப்பு நிலம் கொடுத்திருந்தது. ஊரிலேயே மோசமான மண் எதுவோ அதுதான் பெரும்பாலும் இவர்கள் பங்குக்கு வந்திருந்தது. நம் பக்கத்துப் பஞ்சமி நிலங்களின் கதையைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டா ஒரு தகரப்பெட்டிக்குள் இருக்கும்; நிலம் முள்ளும் கல்லுமாகக் கிடக்கும்.

அந்த நிலம் ஏன் தரிசானது என்பதில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. ஒரு குடும்பம் அரை ஏக்கரில் சோளம் விதைத்தால் அதற்கு உழவு வேண்டும், எரு வேண்டும், களையெடுக்க ஆள் வேண்டும். கையில் காசும் எருதும் இல்லாதவருக்கு அது பெரும்பாடு. கடையில் இரண்டு ரூபாய்க்கு அரிசி கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று தோன்றுவது இயல்பு. சோளத்துக்குச் சந்தையிலும் விலை இல்லை. எனவே நிலத்தை விட்டார்கள். சோளம் போனதும் சோளத்தட்டை போயிற்று. தட்டை இல்லாமல் மாட்டுக்குத் தீனி இல்லை, மாட்டை விற்றார்கள். மாடு போனதும் எரு போயிற்று. எரு விழாத செம்மண் இரண்டு மூன்று மழையில் இன்னும் மெலிந்தது. பிறகு விதைக்க நினைத்தாலும் விளையாது என்ற நிலை. களையெடுப்பிலும் அறுவடையிலும் கிடைத்த கூலி நாட்களும் கூடவே போயின.

ரேஷன் கடையில் அரிசி கிடைக்கும். அதோடு வைக்கோல் வராது, எரு வராது, ஊடுபயிராக விளையும் துவரையும் தட்டைப்பயறும் வராது, வரப்பில் தானாக முளைக்கும் கீரையும் வராது. நெல் விளையும் டெல்டாக்களிலிருந்து அரிசி மூட்டைகள் மேட்டு நிலத்துக்கு வந்தன. மேட்டு நிலம் தன் சாப்பாட்டைத் தானே விளைவிக்கும் வழக்கத்தை மறந்தது. மலிவு அரிசி வேண்டாம் என்று இங்கே சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் அரிசி வாங்கும் மக்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரே தானியத்தை மட்டும் மலிவாக்கினால் மற்றத் தானியங்களைச் சத்தமில்லாமல் மதிப்பற்றவை ஆக்கிவிடுகிறோம் என்பதும் உண்மை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏனென்றால் புன்செய்த் தானியம் அவர்கள் வேலை, அவர்கள் அறிவு, அவர்கள் அடுக்களை.

கோலப்பொடியில் வரைந்த ஊர்

1990களின் நடுவில் சங்கங்கள் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் உதவியோடு ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தன. பெயர் பெரிதாக ஒன்றும் இல்லை: சமூகத் தானிய நிதி. முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் 2,600 ஏக்கருக்கு மேல் தரிசு நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் உழவு, எரு, விதைப்பு, களை என்று வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாக முன்பணம் பெறுவார். அதைப் பணமாகத் திருப்ப வேண்டாம். ஐந்து ஆண்டுகளில் சோளமாகத் திருப்ப வேண்டும். திரும்பி வரும் சோளம் ஊரை விட்டு வெளியே போகாது. ஊரிலேயே சேமித்து, மழைக்காலத்தில் கூலியும் இல்லாமல் தானியமும் தீர்ந்திருக்கும் மாதங்களில், குறைந்த விலைக்கு ஏழை வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அப்படி வரும் பணம் மீண்டும் நிதியில் சேரும்.

இதை நடத்தியது பெண்கள் குழு. ஒவ்வொரு ஊரிலும் குழுவில் உள்ளவர்கள் நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். தன் பொறுப்பில் உள்ள ஏக்கர்களில் உழவு நேரத்தில் நடந்ததா, எரு உண்மையில் விழுந்ததா, அல்லது முன்பணம் வேறு எங்கோ போனதா என்று பார்ப்பது அவள் வேலை. நேற்று வரை அந்த நிலத்துக்காரரிடம் கூலிக்குப் போனவள், இன்று வரப்பில் நின்று எருவை எண்ணுகிறாள். இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனதில் நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பயிற்சி முகாமிலும் தர முடியாத ஒன்று அதில் இருக்கிறது.

விளைச்சல் எதிர்பார்ப்பை மிஞ்சியது. ஆண்டுக்கு எட்டு லட்சம் கிலோ அளவுக்குக் கூடுதல் சோளம் விளைந்ததாகச் சங்கங்களின் கணக்கு. தட்டை திரும்ப வந்தது, மாடு திரும்ப வந்தது, கூலி நாட்களும் வந்தன.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது விளைச்சல் கணக்கை விட, சோளம் யாருக்கு என்று தீர்மானித்த முறை. குறைந்த விலைச் சோளத்துக்கு உரியவர்கள் யார்? இதற்கு அலுவலகத்திலிருந்து பட்டியல் வரவில்லை. ஊர்ப் பொது இடத்தைப் பெருக்கி, கோலப்பொடியால் தரையில் ஊரையே வரைந்தார்கள். தெரு, கோயில், கிணறு, அப்புறம் வீடு வீடாக. ஊரார் சுற்றி நிற்க, ஒவ்வொரு வீடாக எடுத்துப் பேசினார்கள். இந்த வீட்டில் நிலம் எவ்வளவு, மாடு உண்டா, சம்பாதிக்கும் ஆள் எத்தனை, நோயாளி இருக்கிறாரா, கைம்பெண் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறாளா? பேச்சு முடிய முடிய அந்த வீட்டுக்கு ஒரு நிலை குறிக்கப்படும். மிக ஏழை, ஏழை, கொஞ்சம் தேவலை என்று. நிலையைப் பொறுத்துச் சோளத்தின் அளவு. மிக ஏழைக்கு அதிகம், தேவலை என்பவர்களுக்குக் குறைவு.

தெருவில் எல்லோர் முன்னாலும் வரைவதால் பொய் சொல்வது கடினம். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாதது வருவாய் ஆய்வாளருக்குத் தெரிந்துவிடப் போவதில்லை. 1997இல் மத்திய அரசு ரேஷன் அட்டைகளை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது நாடு முழுவதும் எழுந்த புலம்பல் நினைவிருக்கும்: கல் வீட்டுக்காரருக்கு அட்டை, குடிசைக்காரிக்கு இல்லை. தமிழ்நாடு அந்தப் பிரிப்பை ஏற்காமல் எல்லோருக்கும் ரேஷன் என்று நின்றதால் நாம் அந்த வேதனையிலிருந்து பெரும்பாலும் தப்பினோம். ஜஹீராபாத் ஊர்கள் வேறொரு பதிலைத் தந்தன. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பிரிப்பவர்கள் நாங்களாக இருப்போம் என்றன.

ஊரே கூடித் தீர்மானிப்பது என்றால் ஊர்ப் பெரியவர்கள் வைத்ததுதான் சட்டமாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பல ஊர்களில் அப்படித்தான் ஆகும். இங்கே தராசு தலித் பெண்கள் கையில் இருந்தது என்பதால்தான் கதை மாறியது. மேல்சாதி ஏழை வீட்டுக்கும் அதே கிடங்கிலிருந்துதான் சோளம் போக வேண்டும். அளந்து போடுவது அவர்கள்தான். வாங்குகிற இடத்திலேயே தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் கொடுக்கிற இடத்துக்கு வந்தார்கள்.

கூடை, சாம்பல், வேப்பிலை

விதை விஷயத்திலும் இதே திருப்பம்தான். சங்கம் உள்ள ஊர்களில் பெண்கள் விதை வங்கிகளை ஏற்படுத்தினார்கள். வங்கி என்றால் இரும்புக் கதவும் குளிர்சாதன அறையும் இல்லை. ஒரு வீட்டுக்குள் வரிசையாக வைத்த மூங்கில் கூடைகளும் மண்பானைகளும். கூடையின் உட்புறத்தைச் சாணியும் மண்ணும் குழைத்து மெழுகிக் காயவைப்பார்கள். நன்றாக உலர்ந்த விதையோடு சாம்பலைக் கலப்பார்கள், இடையிடையே வேப்பிலையைப் போடுவார்கள், வாயையும் மெழுகி மூடிவிடுவார்கள். வண்டு வராது, ஈரம் ஏறாது. நம் தென்மாவட்டங்களில் நெல்லுக்கு வைக்கோல் பிரி சுற்றி விதைக்கோட்டை கட்டியதைப் பார்த்த பழைய ஆட்களுக்கு இது உடனே புரியும். வேலை வேறு, புத்தி ஒன்றுதான்.

விதை விற்பனைக்கு இல்லை. கேட்பவருக்குக் கடனாகக் கிடைக்கும். அறுவடையில் வாங்கியதைவிடக் கூடுதலாக அளந்து திருப்ப வேண்டும். அந்தக் கூடுதல் அடுத்த ஆண்டு இன்னொருத்திக்குப் போகும். சுமார் எண்பது வகை விதைகளை இப்படிக் காத்து வந்தார்கள். பச்ச ஜொன்ன என்று அவர்கள் சொல்லும் மஞ்சள் சோளம், வெள்ளைச் சோளம், தினை, சாமை, கேழ்வரகு, துவரை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, எள், ஆளிவிதை, எண்ணெய் வித்தான குசும்பா என்று நீளும் பட்டியல் அது.

ஒரே ஏக்கரில் பத்துப் பதினைந்து பயிர் கலந்து விதைப்பது அங்கே சாதாரணம். பார்க்கிற நகரத்துக் கண்ணுக்குக் குப்பை மாதிரித் தெரியும். உள்ளே கணக்கு இருக்கிறது. மழை முன்னால் வந்து பின்னால் ஏமாற்றினால் சிறுதானியம் தப்பும். முன்னால் ஏமாற்றிப் பின்னால் வந்தால் துவரை தப்பும். பயறு மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும், சோளம் அதை எடுத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிந்த பிறகு, ஈரமும் பனியுமே துணையாக விளையும் கொண்டைக்கடலை, குசும்பா, ஆளி போன்றவற்றை அந்தப் பெண்கள் ‘சத்யம் பண்டலு’ என்கிறார்கள், சத்தியத்தின் பயிர்கள். நீர் பாய்ச்சாமல், உரம் போடாமல் வெறும் பனியில் விளைந்து நிற்பதைச் சத்தியம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நிலக்காரர் வீட்டுப் பெண்களும் விதை கேட்டுச் சங்கத்துப் பெண்களின் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். பருத்திக்கும் கரும்புக்கும் மாறிய வீடுகளில் பழைய விதை அழிந்துபோயிருந்தது. எந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்களோ அந்த வீட்டுக்குப் போய்த்தான் விதை வாங்க வேண்டும்.

ஆண்டுதோறும் சங்கராந்தியன்று, நாம் பொங்கல் வைக்கும் நாளில், அலங்கரித்த மாட்டு வண்டிகளில் விதைக் கூடைகளையும் பானைகளையும் ஏற்றி ஊர்வலம் புறப்படுகிறது. நாளுக்கு ஓர் ஊர் என்று சுமார் ஒரு மாதம் சுற்றுகிறது. ‘பாத்த பண்டல ஜாதரா’, பழம்பயிர்த் திருவிழா, என்று பெயர். ஊர் எல்லையில் வண்டிகளை மேளத்தோடு வரவேற்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேச்சு: இந்த ஆண்டு எது விளைந்தது, எது ஏமாற்றியது, எந்த விதை யாரிடம் இருக்கிறது.

பட்டேல் ஷாட், சங்கம் ஷாட்

இந்த அமைப்பின் நிறுவனர்களில் முக்கியமானவர் பி.வி. சதீஷ். மைசூர்க்காரர், தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர். அதனாலோ என்னவோ, ஏர் பிடித்த பெண்கள் கேமராவையும் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 1990களில் எழுதப் படிக்கத் தெரியாத சில பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றார்கள்.

கற்றதோடு, கலைச்சொற்களையும் அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். மேலிருந்து கீழாகப் பார்க்கும் கோணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பட்டேல் ஷாட். நிலக்கிழார் அப்படித்தானே பார்ப்பார். கீழிருந்து மேலாகப் பார்ப்பது அடிமை ஷாட். கண்ணுக்குக் கண் நேராக எடுப்பது சங்கம் ஷாட். சங்கத்தில் எல்லோரும் தரையில் சமமாக உட்கார்ந்து பேசுவதால். திரைப்படக் கல்லூரிகளில் கேமராக் கோணத்தைப் பற்றி எத்தனையோ பாடம் நடக்கிறது. அதன் அரசியலை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வானொலிக் கதை இன்னும் பொறுமையைச் சோதிப்பது. மாச்னூர் கிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடம் கட்டி, பெண்களும் தயாராகிவிட்டார்கள். உரிமம் மட்டும் வரவில்லை. காற்றலை பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அரசு முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது அப்படித்தான். தொண்டு அமைப்புகளுக்கும் சமூக வானொலி உரிமம் என்ற கொள்கை 2006 நவம்பரில்தான் வந்தது. அதுவரை ஜஹீராபாத் பெண்கள் சும்மா இருக்கவில்லை. நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களுக்கு எடுத்துப் போய் டேப் ரெக்கார்டரில் ஓட்டிக் காட்டினார்கள். 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. தொடங்கி வைத்தவர், 1995 தீர்ப்பை வழங்கிய அமர்வில் இருந்த நீதிபதி பி.பி. சாவந்த். நடத்தியவர்கள் தலித் பெண்கள். நிகழ்ச்சிகள் அவர்கள் பேசும் தெலுங்கிலேயே இருந்தன, ஹைதராபாத் அறிவிப்பாளர்களின் தெலுங்கில் இல்லை. விதை, கால்நடை, பிள்ளைப்பேறு, பாட்டு, சண்டை எல்லாம் வரும்.

கேமராவுக்கும் வாழ்வாதாரத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். சோளம் சாப்பிடுவதே கேவலம், அது இல்லாதவன் உணவு, என்ற எண்ணம் வேரூன்றியிருந்த ஊர்களில், சோளத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் குரல் காற்றில் வருவதும் வேலையின் ஒரு பகுதிதான். கம்பங்கூழ்த் தூக்குச்சட்டியைப் பள்ளிக்கூடத்தில் மறைத்துச் சாப்பிட்ட தலைமுறை தமிழ்நாட்டிலும் உண்டு. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பணக் கடன் போன பாதை

ஒப்பீட்டுக்கு, அதே மாநிலத்தின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் எடுத்திருந்தது. அந்தக் குழுக்கள் பழக்கிவைத்த கடன் ஒழுக்கத்தின் மேல் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வந்து உட்கார்ந்தன. ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று. வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றார்கள். கட்ட முடியாதவளின் வாசலில் குழுவின் மற்றப் பெண்களையே உட்கார வைத்தார்கள். தற்கொலைகள் நடந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்த வசூலைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

இரண்டிலும் பெண்கள், இரண்டிலும் குழு, இரண்டிலும் கடன். வித்தியாசம் எங்கே? நுண்கடனில் கடன் வாரத்தின் தாளத்தில் ஓடியது; வாரா வாரம் காசு புரளாத வயலுக்கும் கால்நடைக்கும் அது ஒத்துவரவில்லை. தானிய நிதியில் கடன் பயிரின் தாளத்தில் ஓடியது. விளைந்ததும் விளைந்த பொருளாகவே திரும்பியது. இன்னொன்றும் உண்டு. வாரத் தவணையில் கட்டிய காசு ஊரை விட்டுப் போனது. சோளம் ஊர்க் கிடங்கில் இருந்தது. அதைத் திருப்பித் தராவிட்டால் யார் வயிறு காயும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குத்தும் கை

இதுவரை படித்தவர்களுக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது போலத் தோன்றினால், அது என் தவறு.

சிறுதானியத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் அதைக் குத்தாதவர்கள். சாமையும் தினையும் உமி நீங்கிச் சோறாவது லேசான காரியம் இல்லை. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். இரண்டு ரூபாய் அரிசி பெண்களுக்கு ஏன் பிடித்தது என்பதற்கு மலிவு மட்டும் காரணம் இல்லை. அது குத்தாமல் வந்தது. களையெடுப்பு, அறுவடை, விதைத் தேர்வு, உலர்த்தல், கூடை மெழுகல் என்று கலப்புப் பயிரின் வேலைப்பளுவில் பெரும்பங்கு பெண்கள் தலையில்தான். அறிவு பெண்களுடையது என்று கொண்டாடும்போது, உழைப்பும் அவர்களுடையதாகவே இருந்துவிடுகிறது. நெல்லுக்கு ஊருக்கு ஊர் அரவை ஆலை வந்த அளவுக்கு சாமைக்கும் தினைக்கும் சிறு இயந்திரங்கள் வரவில்லை. இந்த இடைவெளியை விதை வங்கிகளால் மட்டும் நிரப்ப முடியாது.

நிலத்தின் பெயர் இன்னொரு பிரச்சினை. விதை பெண்ணின் கையில் இருக்கலாம். பட்டா பல வீடுகளில் கணவன் பெயரில். எந்தப் பயிர் என்ற சண்டை வீட்டுக்குள்ளேயே நடக்கும். அவனுக்குப் பருத்தி, கரும்பு, கையில் மொத்தமாக வரும் பணம். அவளுக்கு முதலில் வயிறு, மிஞ்சினால் சந்தை. சங்கத்துப் பெண்கள் கூட்டாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டதற்கும் இந்தச் சண்டைதான் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அளவையும் பார்க்க வேண்டும். நல்ல நாட்களில் சுமார் 75 ஊர்கள், ஐயாயிரம் பெண்கள். நாற்பது ஆண்டுகளில் இவ்வளவுதானா என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். என்னைக் கேட்டால், பெரிதாகாமல் இருந்ததில் பாதி பலம் இருக்கிறது. கோலப்பொடி வரைபடத்தை மாவட்டம் முழுவதற்கும் ஆணையிட்டு நடத்தினால் மூன்றாம் மாதமே அது படிவமாகிவிடும். அரசு செய்யக்கூடியது வேறு. 2017இல் ஒடிசா தொடங்கிய சிறுதானிய இயக்கம் ஒரு பாதையைக் காட்டியது: பழங்குடி விவசாயிகளின் கேழ்வரகை நல்ல விலைக்குக் கொள்முதல் செய்வது, பதப்படுத்தும் வேலையை மகளிர் குழுக்களிடம் கொடுப்பது, ரேஷனிலும் சத்துணவிலும் சேர்ப்பது. தமிழ்நாடும் 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. தாமதம்தான், ஆனாலும் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டும் கேழ்வரகு உண்ட மாவட்டங்கள்.

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி மூன்று ரூபாய், கோதுமை இரண்டு ரூபாய், சிறுதானியம் ஒரு ரூபாய் என்று எழுதினார்கள். சிறுதானியத்தைச் சட்டத்தில் சேர்க்கக் குரல் கொடுத்தவர்களில் ஜஹீராபாத் பெண்களும் உண்டு. எழுத்தில் வந்துவிட்டது, பெரும்பாலான கடைகளின் மூட்டைகளில் வரவில்லை.

இப்போது

2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது இந்தச் சங்கங்களுக்குக் கிடைத்தது. 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச் 19 அன்று சதீஷ் காலமானார். நகரக் கடைகளில் சாமையும் தினையும் அழகான பொட்டலங்களில் அரிசியின் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு அடுக்கப்பட்டிருந்த நேரம் அது. சிறுதானியம் நகரத்தின் சர்க்கரை நோய்க்கு மருந்தானதில் மகிழ்ச்சிதான். விளைத்தவளே வாங்க முடியாத பண்டமாக அது ஆகிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

ஜஹீராபாத்தில் இப்போது டிராக்டர் தொழிற்சாலை இருக்கிறது. தேசிய முதலீட்டு உற்பத்தி மண்டலம் என்ற பெயரில் நியால்கல், ஜராசங்கம் வட்டாரங்களில் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் திட்டமும் இருக்கிறது. விதைக்கூடை மெழுகத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. மகள்கள் படித்திருக்கிறார்கள், ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள், ஹைதராபாத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல வெளியாருக்கு உரிமை இல்லை. அம்மாக்கள் சங்கத்தில் சேர்ந்ததே பிள்ளைகள் இன்னொருவர் வயலில் குனியாமல் இருக்கத்தான்.

மகள்களில் யாராவது ஒருத்தி கூடைகளின் கணக்கை எடுத்துக்கொண்டால் விதை தப்பும். அது எந்த ஊரில் நடக்கிறது, எந்த ஊரில் நடக்கவில்லை என்பது ஜனவரியில் வண்டிகள் சுற்றி வரும்போது அந்தப் பெண்களுக்கே தெரிந்துவிடும். யார் வாசலில் எத்தனை கூடை இருக்கிறது என்று அவர்கள் எண்ணிக்கொண்டேதான் போகிறார்கள்.